அத்தானின் கிற்றார்

சென்ற ஆவணி விடுமுறையிற் பருத்தித்துறையிலுள்ள தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மதிய உணவு முடிந்ததும் அவர் எம்மை உள்ளறைக்கு அழைத்துச் சென்று, கட்டிலின் கீழிருந்து நீண்ட கறுப்புப் பெட்டி ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். அத்தான் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய உடைகளை அந்தியேட்டி கழிந்தபின் வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மணிக்கூட்டை மருமகன் கட்டியிருக்கிறான். எஞ்சியது இந்தப் பெட்டி ஒன்றே.

“தம்பி, கொழும்பிலை ஒருவர் இதைக் கேக்கிறார். எல்லாம் ஒறிஜினல் எண்டால் நல்ல காசு தருவாராம். நீ சயன்ஸ் படிப்பிக்கிறனி. திறந்து பாத்துச் சொல்லு” என்றார்.

நாம் அண்ணாந்து பார்த்தோம். கூரையில் ஓடுகள் விலகிய இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. மாரி தொடங்குவதற்கு இரண்டு மாதங்கள் இருந்தன. எதற்காக விற்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

எமது நிலையை வாசகர்களுக்கு மறைக்காமற் கூறிவிடுகின்றோம். கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவர் நாம். இருபது ஆண்டுகளாகச் சுரமானியில் கம்பியைக் கட்டி, நிறையைத் தொங்கவிட்டு, நீளம் குறைய மீடிறன் கூடுவதை மாணவருக்குக் காட்டி வருகின்றோம். ஆயினும் மின்கிற்றார் ஒன்றை அன்றுவரை கையால் தொட்டதில்லை. தொடாமைக்குக் காரணம் சந்தர்ப்பம் இன்மையன்று, இறுமாப்பு. எமது வீட்டில் வீணை இருந்தது. தமக்கையார் சிறுமியாக இருந்தபோது முறையாக வீணை பயின்றவர். அத்தானோ கப்பலில் வேலை பார்த்தவர். லீவில் வரும் வேளைகளிற் கலியாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் நண்பர்களோடு சேர்ந்து சினிமாப் பாட்டும் பைலாவும் வாசிப்பார். எமது தந்தையார் அதனை இசையென்று ஒருநாளும் ஒப்பியதில்லை. நாமும் தந்தையாரின் கட்சியையே சேர்ந்திருந்தோம்; பட்டதாரியான பின்னர் இன்னும் சற்று உறுதியாகச் சேர்ந்தோம். அத்தனை ஆண்டுகளில் அவர் வாசிப்பதை ஒரு முறையேனும் அமர்ந்திருந்து முழுதாகக் கேட்டோம் என்று சொல்ல எமக்கு வாய் வராது.

பெட்டியைத் திறந்ததும் பழைய உலோகத்தின் வாசனையும் உப்புக் காற்றின் வாசனையும் எழுந்தன. தலைப்பகுதியில் ‘ஸ்குவயர்’ என்ற பெயரும், அதனருகே சிறிதாக ‘பெண்டர்’ என்ற பெயரும், ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ என்ற வகைப்பெயரும் இருந்தன. இவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், புல்லர்ட்டன் என்னும் ஊரில், லியோ பெண்டர் என்பவர் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் தொழிலில் இருந்து கிற்றார் செய்யும் தொழிலுக்கு வந்தார். தாம் கிற்றார் வாசிக்க அறியாதவர் அவர். ஆயினும் 1954 இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்றளவும் அதே உருவத்திற் செய்யப்படுகின்றது. 1965 இல் அவருடைய நிறுவனம் கைமாறியது. பின்னர் ஜப்பானியர் அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த பிரதிகள், அக்காலத்து அமெரிக்க வேலையை நாணச்செய்யும் தரத்தில் வந்தன. பெண்டர் நிறுவனத்தார் அவர்களோடு மல்லுக்கு நிற்பதை விட்டு, 1982 இல் அவர்களையே கூட்டுச் சேர்த்துக்கொண்டனர். மட்சுமோட்டோ நகரிலுள்ள பூஜிஜென் தொழிற்சாலையிலே, ஐம்பதுகளினதும் அறுபதுகளினதும் மாதிரிகளைப் பின்பற்றிக் கிற்றார்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒரு பகுதிக்கு, முன்னர் தந்தி செய்து வந்த ஒரு நிறுவனத்தின் பெயராகிய ஸ்குவயர் என்பதை இட்டனர். 1982 முதல் 1984 வரை வெளிவந்த இவற்றின் இலக்கம் ஜே.வி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும். கிற்றார் சேர்ப்போர் இன்று விரும்பித் தேடுவது இவ்வெழுத்துக்களைத்தான்.

அத்தான் இதனை வாங்கியது 1986 இல், ஜப்பானின் கோபே துறைமுகத்தில், பழைய இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடையில். ஆகவே அவர் கைக்கு வந்தபோதே அது இன்னொருவர் கை பட்டது.

கழுத்தும் உடலும் பொருந்தும் இடத்தின் பின்புறத்தில் நான்கு திருகாணிகளால் இறுக்கிய ஓர் உலோகத் தகடு உண்டு. ஜே.வி. இலக்கம் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. மருமகன் அதைக் கண்டதும் துள்ளினான். நாம் துள்ளவில்லை. நான்கு திருகாணிகளாற் பூட்டிய தகட்டை ஐந்து நிமிடத்திற் கழற்றி வேறொரு மரத்திற் பூட்டலாமன்றோ? இலக்கம் நல்ல சாட்சிதான். ஆனால் கைக்கூலி வாங்கக்கூடிய சாட்சி. மரத்திலுள்ள துளைகள் அப்படியல்ல. ஓர் உறுப்பை மாற்றினால் புதிய உறுப்பின் திருகாணி பழைய துளைக்குப் பொருந்துவது அரிது; அருகில் இன்னொரு துளை இடுவார்கள்; பழைய துளை வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். தலைப்பகுதியின் பின்புறத்தை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தோம். ஆறு முறுக்காணிகளைச் சுற்றி மேலதிகத் துளை ஒன்றேனும் இல்லை. வெள்ளைத் தகட்டைத் தாங்கிய பதினொரு திருகாணிகளின் துளைகளும் அவ்வாறே சுத்தமாக இருந்தன. முறுக்காணிகள், கழுத்து, உடல், மேற்றகடு ஆகியவை பிறந்தபோது இருந்தவையே என்று தாளில் எழுதிக்கொண்டோம்.

அடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். மருமகன் தகப்பனிடம் நாலைந்து பாட்டுக்கள் பழகியவன். அவன் தந்தியை அழுத்துவதற்குப் பட்ட பாட்டைப் பார்க்கவே விரல் வலித்தது. தந்திகள் மெட்டுக்களிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றன. நாம் சுருதி கூட்ட முயன்று முறுக்காணியைத் திருகினோம். துருவேறிய முதல் தந்தி ‘சிலீர்’ என்று அறுந்து எமது புறங்கையிற் கோடு போட்டது. புதிய தந்திகள் வாங்க அவன் மறுநாட் காலை யாழ்ப்பாணம் போக வேண்டியதாயிற்று. அனுபவம் இல்லாதவர் பழைய தந்தியை இறுக்கும்போது முகத்தை அருகே கொண்டுபோகாதிருப்பது நலம்.

தந்திகள் ஏன் உயர்ந்து நின்றன என்பதைக் கண்டறிவதில் நாம் கற்ற பௌதிகம் உதவிற்று. ஆறு தந்திகளின் இழுவிசையும் சேர்ந்து கழுத்தை ஓயாது முன்னோக்கி வளைக்கின்றது. அவ்வளைவை எதிர்ப்பதற்காக மரத்தின் உள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கோல் புதைத்து வைக்கப்பட்டிருக்கும். வளைவை அளப்பது எளிது. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே வேளையில் அழுத்தினால் அத்தந்தி நேர்விளிம்பாகிவிடும்; நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டுக்களின் அருகே, தந்திக்கும் மெட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி உண்டென்று பார்க்க வேண்டும். கால் மில்லிமீற்றர் அளவு இருந்தாற் போதும். சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையிற் ‘பிளக்’ இடைவெளி பார்க்கும் உருக்குத் தகடுகளை இரவல் வாங்கிவந்து அளந்தோம். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இருந்தது.

அவ்வளைவின் வயதையும் எம்மால் ஒருவாறு கணிக்க முடிந்தது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அத்தான் அப்பொழுது கடலில் இருந்தார்; நினைத்தபடி ஊர் திரும்பவும் இயலவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் மின்கிற்றாரை யார் தேடுவார்? தந்திகளை இளக்கி வைக்க வேண்டும் என்று அறிந்தவர் வீட்டில் எவரும் இல்லை. இழுவிசை மட்டும் இரவு பகலாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இந்த மாதிரியில் இரும்புக் கோலைத் திருகும் முனை கழுத்தின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கின்றது. ஆகவே கழுத்தைக் கழற்றாமல் அதனை அணுக முடியாது. தந்திகளை இளக்கி, நான்கு திருகாணிகளையும் கழற்றினோம். கடற்காற்றில் இறுகியிருந்தவற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கழுத்து வெளியே வந்தது. அது அமர்ந்திருந்த குழியின் அடியில், உடலின் நடுப்பக்கமான ஓரத்தில், மடித்த அட்டைத் துண்டு ஒன்று ஒட்டிக் கிடந்தது.

இப்படி அட்டை வைப்பது கிற்றார்காரரிடையே பழைய வழக்கம். இவ்வகைக் கிற்றாரிற் குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு சிறு தகட்டுப் பாலம் உண்டு. ஒவ்வொன்றையும் இரு சிறு ஆணிகள் தாங்கும். பாலத்தை மிகவும் தாழ்த்தினால் அவ்வாணிகளின் நுனிகள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். கழுத்தின் அடியில் ஓர் அட்டை வைத்தாற் கழுத்து நூலளவு பின்னே சாயும். பாலங்களை உயர்த்த இடம் கிடைக்கும். ஆணி நுனிகள் மறையும். அரை மில்லிமீற்றர் அட்டையிலே ஒரு கையின் நோவு தீர்கின்றது.

மருமகன் அட்டையை நகத்தால் மெல்லப் பெயர்த்து விரித்தான். ஓரத்தில் மங்கிய மஞ்சட் கறை. நடுவில் அச்செழுத்துக்களின் பாதி: ஒரு முகூர்த்த நேரத்தின் கடைசிச் சொற்கள், 1989 என்ற ஆண்டு. தமக்கையார் வாங்கிப் பார்த்தார். அது அவர்களுடைய கலியாண அழைப்பிதழ். மேலும் இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமற் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனார்.

அத்தானை நாம் கவனமற்ற மனிதர் என்றே எண்ணியிருந்தோம். அட்டையை வெட்டிய விளிம்பு அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல் நேராக இருந்தது.

பின்னர் வெள்ளைத் தகட்டைத் திறந்தோம். மின் உறுப்புக்கள் யாவும் அதன் அடியிலே தொங்கின. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், குரலின் கூர்மையை மாற்றவும் மூன்று மாறுந்தடைகள் இருந்தன. இவற்றின் முதுகிலோ பக்கத்திலோ ஓர் எண் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். வாசிக்கத் தெரிந்தால் அதுவே பிறப்புச் சான்றிதழ். எமது கண்ணிற் பட்டது 1378745. முதல் மூன்று இலக்கங்களான 137 என்பது சி.டி.எஸ். என்னும் அமெரிக்க உற்பத்தியாளரின் குறி. அடுத்த இரண்டும் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். அதாவது 1987 ஆம் ஆண்டின் 45 ஆவது வாரம். கார்த்திகை மாதத்தின் தொடக்கம். 1984 க்குப் பிந்தாத கிற்றாரில் 1987 இற் செய்த உறுப்பு பிறவியிலேயே இருந்திருக்க வழியில்லை. அத்தான் வாங்கிய பின்னரே, அவராலேயே மாற்றப்பட்டது. மூன்றும் அவ்வாறே.

பிக்கப்புகள் மூன்று. தந்தியின் அதிர்வை மின்னாக்குபவை இவையே. ஆறு காந்தத் தண்டுகளை நிறுத்தி, மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றியிருப்பார்கள். உருக்குத் தந்தி காந்தத்தின் முன்னே அதிர, சுருளில் மின் தூண்டப்படுகின்றது. பத்தாம் வகுப்புப் பாடம்தான். மேலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பன்மானியால் தடையை அளந்தோம். பெரிய வேறுபாடு தெரியவில்லை. பின்னர் சிறு திசைகாட்டியை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தோம். முதலாவதிலும் மூன்றாவதிலும் முள் ஒரே பக்கம் திரும்பிற்று. நடுவிலுள்ளதன் மேல் வைத்தபோது முள் சுழன்று எதிர்ப்பக்கம் நின்றது.

மருமகன் அதனை ஏதோ மந்திர வித்தைபோலப் பார்த்தான். அதன் பொருளோ தெளிவானது. அறுபதுகளின் மாதிரியைப் பின்பற்றிய கிற்றாரில் மூன்றும் ஒரே முனையை மேலே காட்ட வேண்டும். நடுவிலுள்ளது பிற்காலத்தில் இட்டது. ஏன் இட்டார் என்பதும் அதனாலேயே விளங்கிற்று. ஒற்றைச் சுருளுடைய பிக்கப், தந்தியின் ஒலியை மாத்திரமன்றி வீட்டு மின்கம்பிகளிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் வானொலி அன்ரனாபோல உள்வாங்கும். வாசிக்காத வேளையில் அம்பிளிபயரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முரல்வு கேட்டுக்கொண்டே இருக்கும். நடுப்பிக்கப்பின் சுருளை எதிர்த்திசையிற் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தால், அதனையும் அயலிலுள்ளதையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது முரல்வு ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலியோ இருமுறை மாறியதால் மாறாததாகிக் கூடி நிற்கும். சுருள் வெளியிரைச்சலுக்குக் காந்தத்தைப் பார்ப்பதில்லை. தந்தியின் ஒலிக்குப் பார்க்கின்றது. அந்த வேறுபாட்டிலே முழுச் சூட்சுமமும் அடங்கியிருக்கின்றது. மாணவருக்குச் சொல்ல இதைவிட அழகான உதாரணம் எமது பாடநூலில் இல்லை.

ஜெனறேற்றர் ஓடும் மேடைகளில், வர்ண விளக்குகளின் நடுவே நின்று வாசித்தவர் அத்தான். அந்த முரல்வு அவரை உறுத்தியிருக்கின்றது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள மௌனம் மௌனமாகவே இருக்க வேண்டுமென்று அவர் விரும்பியிருக்கின்றார். நாம் பைலாக்காரர் என்று ஒதுக்கிய மனிதர் அவர்.

மாலையில் தாளில் எழுதியதை வாசித்துக் காட்டினோம். மூன்று மாறுந்தடைகள், நடுப்பிக்கப், தலைப்பில் தந்திகள் தங்கும் எலும்புத் துண்டு, இவை பிற்காலத்தவை. ஏனைய யாவும் பழையவை. மருமகன் குரலைத் தாழ்த்தி, “மாமா, அவர் உதெல்லாம் திறந்தோ பாக்கப் போறார்? இலக்கம் சரி தானே” என்றான். நாம் விடை கூறுமுன் தமக்கையார் அடுப்படியிலிருந்து, “அப்பான்ரை சாமானை அப்பிடி விக்கேலாது. உள்ளதைச் சொல்லு” என்றார்.

சொன்னோம். கொழும்புக்காரர் கண்ணியமானவர், கோபிக்கவில்லை. தாம் கேட்ட விலையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தார். பழைய உறுப்புக்கள் கிடைத்தால் முழுவிலையும் தருவதாகக் கூறினார். அவர்மீது எமக்குக் குறையில்லை. தலைப்பகுதியிற் புதுப்பெயர் ஒட்டி விற்கும் ஏமாற்று மலிந்த சந்தையில், உறுப்பு உறுப்பாக வினவாமல் எவர் வாங்குவார்? ஆயினும் மூன்றிலொரு பங்கு என்பது கூரையின் ஒரு பக்கம்.

“அவர் ஒண்டையும் எறியமாட்டாரே” என்றார் தமக்கையார். அவருக்கும் அப்பொழுதுதான் நினைவு வந்தது. பரணில் ஏறிய மருமகன் அரை மணி நேரத்தின் பின் மைலோ ரின் ஒன்றோடு இறங்கினான். பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளிற் சுற்றியபடி மூன்று சிறு மாறுந்தடைகளும், ஒரு பிக்கப்பும் உள்ளே இருந்தன. திசைகாட்டியை அதன் மேல் வைத்தோம். முள் மற்ற இரண்டினதும் பக்கமாகத் திரும்பிற்று. எலும்புத் துண்டின் மூத்த பிளாஸ்டிக் துண்டு மட்டும் இல்லை. அதனைக் கொழும்புக்காரர் பெரிதாக எண்ணவில்லை.

உறுப்புக்களை மாற்றுமுன் கிற்றாரைச் செம்மைப்படுத்த எண்ணினோம். இரும்புக் கோலின் முனையைக் கால் திருகு திருகி, கழுத்தைப் பூட்டி, தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி அளந்தோம். போதாது. மீண்டும் கழற்றிக் கால் திருகு. மூன்றாம் முறையில் இடைவெளி மூன்றிலொரு மில்லிமீற்றருக்கு வந்தது. பொறுமை இழந்து ஒரே முறையில் முழுச் சுற்றுத் திருகுவோர் கோலையே முறித்துவிடுதல் உண்டு. அழைப்பிதழை முடிந்துவைத்தவரிடம் திருப்பிக் கேட்க மனம் வராமல், வினாத்தாட் புத்தகம் ஒன்றின் அட்டையில் அதே கனத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் குழியில் வைத்தோம். பதினேழாம் மெட்டின் மேல் தந்தியின் உயரத்தை ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவந்தோம். மருமகனின் முகம் மலர்ந்தது.

மூன்றாம் தந்தி மட்டும் அழுத்தாமல் மீட்டும்போது இரைந்தது. எலும்புத் துண்டில் அதன் பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது. பள்ளத்தில் அப்பச்சோடாவைத் தூவி, ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் அது கணத்திற் கல்லாகும்; பின்னர் மெல்ல அராவி மட்டம் செய்யலாம். அப்பச்சோடாவுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அன்று தமக்கையார் கண்டார்.

இறுதியாக எஞ்சியது குதிரை. சுரமானியில் நாம் குதிரையை நகர்த்திக் கம்பியின் நீளத்தை மாற்றுகின்றோம். கிற்றாரில் மெட்டுக்கள் ஒரே கணக்கின்படி நிலையாகப் பதிக்கப்பட்டவை. ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய நீளத்தை 17.817 ஆற் பிரித்த ஒரு பங்கு தூரத்தில் அமையும். 648 மில்லிமீற்றர் தந்தியில் முதல் மெட்டு 36.4 மில்லிமீற்றரில், பன்னிரண்டாவது சரிபாதியான 324 இல். ஆனால் கணக்கு ஒன்றை மறந்துவிடுகின்றது. விரலால் அழுத்தும்போது தந்தி சற்று நீள்கின்றது; இழுவிசை கூடுகின்றது; சுருதி ஏறிவிடுகின்றது. தடித்த தந்தியில் அது இன்னும் கூட. ஆகவே பாலங்களைச் சற்றுப் பின்னே தள்ளித் தந்திக்குத் தந்தி அந்த ஏற்றத்தைத் தீர்க்க வேண்டும். வீணையில் இருபத்து நான்கு மெட்டுக்களையும் மெழுகில் அமைப்பதனால், வேண்டுமானால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்தலாம். கிற்றாருக்கு அந்தச் சலுகை இல்லை. விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டுச் செல்லும் பக்கங்களை மாணவப் பருவத்தில் வியந்து படித்திருக்கின்றோம். அன்று அக்கணக்கு எமது மடியிற் கிடந்தது.

கைத்தொலைபேசியிலுள்ள சுருதி காட்டியை வைத்துக்கொண்டு நாம் ஆறாம் தந்தியோடு போராடிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் ஒரு நாதம். அழுத்தி மீட்டினால் ஒரு நாதம். இரண்டும் ஒன்றாக வேண்டும். அழுத்திய நாதம் ஏறி நின்றால் பாலத்தைப் பின்னே தள்ளவேண்டும். இறங்கி நின்றால் முன்னே இழுக்கவேண்டும். தமக்கையார் வாசற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “இன்னும் ஏறித்தான் நிக்குது” என்றார், நிமிர்ந்து பாராமலே. பாலத்தை அரைச் சுற்றுப் பின்னே தள்ளினோம். “இப்ப கொஞ்சம் இறங்கிப் போச்சு.” கருவியின் முள்ளும் அதையே காட்டிற்று. பின்னர் கருவியை அணைத்துவிட்டு அவர் செவியையே நம்பினோம். ஆறு தந்திகளும் முடிய இருட்டிவிட்டது. வீணையைத் தொட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் செவி அப்படியே இருந்தது. ஒரே வீட்டில் இத்தகைய இரண்டு செவிகள் இருந்தன என்பதை நாம் அறியாமற் போனோம்.

அன்றிரவு, அத்தான் இட்ட உறுப்புக்களோடேயே, மருமகன் தனக்குத் தெரிந்த நாலு பாட்டுக்களையும் வாசித்தான். பிழைகள் இருந்தன. சிறிய அம்பிளிபயர், குறைந்த ஒலி. தமக்கையார் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் முரல்வு ஏதும் இல்லை. கடலோசை கேட்டது. நாம் முழுவதும் அமர்ந்திருந்து கேட்டோம்.

மறுநாட் காலை ஈயப்பற்றுக் கோலைச் சூடாக்கி, 1987 ஆம் ஆண்டு மாறுந்தடைகளையும் நடுப்பிக்கப்பையும் கழற்றி, மைலோ ரின்னிலிருந்தவற்றை அவற்றின் இடத்திற் பற்றவைத்தோம். எமது பற்று அத்தான் வைத்த பற்றுப்போல் வெள்ளிமணியாக உருண்டு பளபளக்கவில்லை; மங்கிப் பிதுங்கியே நின்றது. கை பழகாத வேலை.

இரண்டு நாள் கழித்துக் கொழும்புக்காரர் வந்தார். இலக்கத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், நாம் முன்னரே கூறியிருந்தபடி திறந்தும் பார்த்தார். எமது புதிய பற்றையும் வினாத்தாள் அட்டையையும் நாமே சுட்டிக் காட்டினோம். பின் அம்பிளிபயரில் மாட்டி, வாசிக்காமற் சற்றுப் பொறுத்தார். ‘ம்ம்ம்’ என்று முரல்வு எழுந்தது.

“இதுதான் ஒறிஜினல் சத்தம்” என்று மகிழ்ச்சியோடு எம்மைப் பார்த்துத் தலையசைத்தார். முழுவிலையையும் எண்ணிக் கொடுத்தார்.

பெட்டியோடு அவர் படியிறங்கும்போது, கழற்றிய உறுப்புக்களும் வேண்டுமா என்று மருமகன் ஓடிப்போய்க் கேட்டான். அவை தமக்கு எதற்கு என்றார் அவர். கூரை வேலை புரட்டாதி முடிவதற்குள் நிறைவேறியது. மைலோ ரின் இப்பொழுது பரணில் இல்லை. தமக்கையாரின் அலுமாரியில், அழைப்பிதழ்த் துண்டோடு இருக்கின்றது.